தலைமுடி வாங்குகிறவரின் படம்

பத்துக்கு ஒன்பது போடலாம். ஒரு மார்க்கைக் குறைப்பதுகூட, வாய்ஸ் நோட்டின் ஆரம்பத்தில் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுவது கொஞ்சம் கூடுதலாக இருப்பதால்தான். மற்றபடி சுத்தமான வேலை. முதலில் அழுகை, அப்புறம் ஊர்ப் பெயர், அப்புறம் காணாமல் போன குழந்தையின் வயது, அப்புறம் அடையாளம்: மொபெட்டில் வருவான், சாக்குப் பை வைத்திருப்பான், குழந்தைகளுக்கு பலூன் கொடுப்பான். கடைசியில், ‘யாரையும் நம்பி உக்காராதீங்க, பாத்தா நீங்களே புடிச்சுக் கட்டிப் போடுங்க.’ பயத்தை மட்டும் காட்டினால் ஆள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவான். பயத்தோடு கையில் ஒரு வேலையையும் கொடு, எழுந்து வருவான். இதைத்தான் கல்லூரியில் விஸ்காம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தொண்டை வற்றக் கத்துகிறேன், அவர்கள் பெஞ்சுக்கு அடியில் ரீல்ஸ் பார்க்கிறார்கள். இந்த வாய்ஸ் நோட்டைச் செய்தவன் என் வகுப்புப் பக்கமே வராதவன், எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறான், வயிறு எரிகிறது. காலையில் இதை எங்கள் அப்பார்ட்மெண்ட் குரூப்பில் போட்டவர் தண்டபாணி சார். மின்வாரியத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், அசோசியேஷன் தலைவர், லிஃப்ட் நின்றாலும் தண்ணீர் லாரி வராவிட்டாலும் எல்லோரும் ஓடுவது அவரிடம்தான். எங்கோ பிறக்கிற செய்தி நேராக ஜனங்களிடம் போவதில்லை, ஜனங்கள் மதிக்கிற ஒரு ஆள் வழியாகத்தான் போகிறது, முதல் படி, இரண்டாம் படி, கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறேன். பொய் என்று கேட்ட உடனே எனக்குத் தெரிந்தது. போன வருஷம் இதே அழுகை வேறொரு ஊர்ப் பெயரோடு வந்தது. காபியை உறிஞ்சிக்கொண்டே இரண்டாம் தரம் கேட்டேன், திங்கள்கிழமை வகுப்புக்கு ஆகும் என்று ஸ்டார் குத்தி வைத்தேன், குரூப்பில் ஒன்றும் எழுதவில்லை. எதற்கு எழுதணும்? அன்னாசிப்பழ வெந்நீர் புற்றுநோயைக் கரைக்கும் என்று ஒருமுறை வந்ததற்கு நான் பத்தி பத்தியாக மறுப்பு எழுத, ‘மேடம் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, அட்டெண்டன்ஸ் உண்டா?’ என்று எவனோ எழுத, வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள் விழுந்தன. சிரித்தவர்களின் பெயர் எல்லாம் எனக்கு மனப்பாடம். லிஃப்டில் அவர்களோடு நிற்கும்போது ஒவ்வொருவர் கழுத்தையும் மனசுக்குள் நெரித்திருக்கிறேன். அதனால் எழுதவில்லை.

சீப்பை இழுத்தால் கொத்தாக வருகிறது. தைராய்டு மாத்திரை மாற்றிய பிறகும் வருகிறது. மூன்றாம் மாடி பால்கனியில் நின்று ஈரத்தலையைச் சிக்கெடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வெயில் தோளில் இதமாக இருக்கிறது, உதிர்ந்ததை விரலில் சுற்றிச் சுருட்டி, தூ தூ என்று துப்பி, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் தொங்குகிற பிரெட் கவரில் போடுகிறேன். உதிர்ந்த முடியைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, குருவி கூட்டுக்குக் கொண்டுபோனால் தலைவலி தீராது, யார் காலிலாவது பட்டால் வீட்டில் சண்டை என்று அம்மா ஓட்டு இடுக்கில் செருகுவாள். எனக்கு நம்பிக்கை ஒன்றும் கிடையாது, ஆனால் குப்பையில் போடக் கை வராது. ஃப்ளாட்டில் ஓட்டு இடுக்குக்கு எங்கே போவது? கவர் நிறைந்தால் செங்கோடன் வருவார். மொபெட்டின் முன்னால் கட்டிய சின்ன ஸ்பீக்கரில் அவரே பேசிப் பதிந்த குரல் தெருமுனையிலிருந்தே கேட்கும்: ‘தலமுடி வாங்குறோமுங்க, சிக்கு முடி, சவுரி முடி, வாங்கம்மா வாங்க, முடிக்குப் பாத்திரம், முடிக்கு ஊசி பின்னு.’ திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், சேலத்துக்கு வெளியே ஏரிக்கரையைத் தாண்டிக் குடியிருக்கிறார். ‘முடி சேந்துச்சுங்களா டீச்சரம்மா? போன வாட்டி கொஞ்சந்தான் குடுத்தீங்க. கொறைஞ்சா உங்களுக்கு நல்லதுதானுங்க, எனக்குத்தான் யாவாரம் போச்சு’ என்று சிரிப்பார். முடிக்குப் பதிலாக எனக்கு ஒரு டீ வடிகட்டி கொடுத்தார், இன்றைக்குக் காலையிலும் அதில்தான் வடிகட்டினேன். இதோ குரல் கேட்கிறது, இன்றைக்கு வந்துவிட்டார், கவரை எடுத்துக்கொண்டு இறங்கவேண்டியதுதான், கொண்டையை மட்டும் போட்டுக்கொண்டு. ‘வாங்கம்மா வாங்க, முடிக்குப் பா’ என்று பாதியில் குரல் நின்றது. ஸ்பீக்கர் தானாக நின்றால் அப்படி நிற்காது. ஏதோ உடைகிற சத்தம் கேட்டது.

கம்பியைப் பிடித்துக் குனிந்தேன். கேட்டுக்கு உள்ளே பாதாம் மரத்தடியில் மொபெட் சாய்ந்து கிடக்கிறது, அதில் கட்டியிருந்த பலூன் ஒன்று வெடித்தது, முதல் மாடி பவதாரிணி தன் நாலு வயதுப் பெண் யாழினியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அலறுகிறாள், யாழினியின் கையில் இன்னொரு பலூன், மஞ்சள். ‘எம் புள்ளைக்கு பலூன் குடுக்கறான்! அதே ஆளு! அதே வண்டி!’ எங்கிருந்து இத்தனை ஆண்கள் வந்தார்கள்? மாதாந்திரக் கூட்டத்துக்குப் பத்துப் பேர் சேரமாட்டார்கள், இப்போது லுங்கியோடும் ஷார்ட்ஸோடும் வாயில் பிரஷ்ஷோடும் இறங்கியிருக்கிறார்கள். செங்கோடன் கையெடுத்துக் கும்பிடுகிறார், வாய் அசைகிறது, என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. முதல் அடி ஹெல்மெட்டால் விழுந்தது. தேங்காயைத் தட்டிப் பார்க்கிறமாதிரி ஒரு சின்னச் சத்தம்தான். அவர் கை தலைக்குப் போனது, தலையைத் தொட்ட கையைப் பார்த்தார், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்பில் உதை விழுந்தது. கத்து, மங்கை, கத்து, இங்கிருந்து கத்தினால் கேட்கும், ‘அவரை எனக்குத் தெரியும்’, மூன்றே வார்த்தை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. கை போனைத் தேடுகிறது, வாஷிங் மெஷின் மேலே இருக்கிறது, போனை எடுத்த உடனே எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

போலீஸ் அவசர எண்ணுக்கு அடித்தேன், எடுத்தார்கள், இடம் கேட்டார்கள், லேண்ட்மார்க் கேட்டார்கள், ‘வண்டி அனுப்பறோம்மா, நீங்க தள்ளியே இருங்க’ என்றார்கள். தள்ளியேதான் இருக்கிறேன். வண்டி டவுனிலிருந்து வரவேண்டும். அதற்குள் குரூப்பில் எழுதவேண்டும், கீழே அடிக்கிற ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் அந்தக் குரூப் இருக்கிறது, எழுதினால் ஒரே நேரத்தில் எல்லாத் தொடையிலும் அதிரும். ‘அவர் பிள்ளை பிடிப்பவர் இல்லை’ என்று தட்டினேன், அழித்தேன். பொய்யைத் திருப்பிச் சொல்லி மறுக்கக்கூடாது, இல்லை என்கிற சொல் உதிர்ந்துபோகும், பிள்ளை பிடிப்பவர் மட்டும் மனசில் நிற்பார், இது என் ஐந்தாவது யூனிட். உண்மையிலிருந்து ஆரம்பி. ‘நண்பர்களே’, வேண்டாம், நண்பர்களே என்றால் மேடம் கிளாஸ் எடுக்கிறார். ‘அனைவருக்கும் வணக்கம்’, தூ, வணக்கமா, கீழே ஒருவன் மாப் குச்சியை முழங்காலில் வைத்து உடைத்துக் கூர்முனையைப் பார்க்கிறான், நான் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சத்தம் வருகிறது, ஈரத்துணியைக் கல்லில் அறைகிறமாதிரி, ஒரே தாளமாக. நடுவில் ‘அய்யோ சாமி, எம் பேரு செங்கோடனுங்க, முடி வாங்க வந்தனுங்க சாமி’ என்பது இப்போது கேட்கிறது. யாரும் அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளவில்லை. அவர்கள் கையில் ஏற்கனவே ஒரு ஆள் இருக்கிறான், வாய்ஸ் நோட்டில் வந்தவன், அவனுக்குப் பெயர் தேவையில்லை. தட்டுகிறேன், விரல் எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்குகிறது, அழிக்கிறேன். குரூப்பின் தலையில் ‘மங்கை மேடம் டைப்பிங்’ என்று ஓடிக்கொண்டிருக்கும், பார்க்கிறவன் சிரிப்பான். எல்லோரையும் கொல்லணும், ஒருத்தன் மிச்சமில்லாமல் இந்தப் பால்கனியிலிருந்தே, இந்தத் துளசித் தொட்டியைத் தூக்கி தண்டபாணி சாரின் வழுக்கை மண்டையில் போட்டால் எப்படியிருக்கும் என்று ஒரு கணம் தெளிவாகப் பார்த்தேன், மண்ணும் ரத்தமுமாக. அந்த நினைப்பு எனக்கு இனித்தது. நானும் அவர்கள் கூட்டம்தான், மாடியில் நிற்கிறேன், அவ்வளவுதான்.

என் சின்ன வயதில் ஆத்தூரில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் ஜெயக்கொடி என்று ஒரு அக்கா இருந்தாள், இடுப்புக்குக் கீழே முடி. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரோடு அவளுக்குத் தொடர்பு என்று ஒரு பேச்சு குழாயடியில் ஆரம்பித்தது, அப்போது போன் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது, ஆனால் ஒரு குடம் நிறைவதற்குள் அது கடைசி வீடு வரைக்கும் போய்விட்டது. ஒரு மத்தியானம் மூன்று பொம்பளைகள் அவளைக் குழாயடியில் உட்கார வைத்து, ஒருத்தி முழங்காலால் முதுகை அமுக்க, தையல் கத்திரியால் அறுத்தார்கள். வெட்டவில்லை, கத்திரி மழுங்கல், அறுத்தார்கள். அம்மா என் கண்ணைப் பொத்தினாள், விரல் இடுக்கில் நான் பார்த்தேன். அம்மா நல்லவள், ஜெயக்கொடி அக்காவிடம் தினமும் கறிவேப்பிலை வாங்குவாள், அன்றைக்கு ‘நமக்கெதுக்குடி’ என்று கதவைச் சாத்தினாள். மற்றவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் இருக்கிறார்கள் என்று தோன்றினால் மனுஷன் வாயை மூடிக்கொள்வான், அவன் மூடுவதைப் பார்த்து அடுத்தவன் மூடுவான், மௌனச் சுழல். ஜெயக்கொடி அக்காவை வருஷா வருஷம் அந்தப் பாடத்துக்கு உதாரணமாகச் சொல்கிறேன், வகுப்பு ஊசி விழுந்தால் கேட்கும், அன்றைக்கு மட்டும் ஒருத்தரும் ரீல்ஸ் பார்ப்பதில்லை. ‘சூப்பர் கிளாஸ் மேம்’ என்பார்கள். முகம் மலர ஸ்டாஃப் ரூமுக்குப் போவேன். அந்த முடியை அப்புறம் யார் பொறுக்கினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போன் அதிர்கிறது. குரூப்பில் கீழேயிருந்தே போடுகிறார்கள், அடித்துக்கொண்டே ஒரு கையால் போடுகிறார்கள். ‘பிடிச்சாச்சு.’ கட்டை விரல்கள், கும்பிடுகிற கைகள். வீடியோ. சாக்குப் பையைக் கவிழ்க்கிறார்கள், உள்ளேயிருந்து முடி, முடி, முடி, கருப்பும் நரையும் மருதாணிச் சிவப்புமாக, பாதாம் இலைகளின் மேல் குவிகிறது, பின்னணியில் ஒரு குரல், ‘பாருங்க மக்களே, எத்தன பொம்பளப் புள்ளைங்களக் கொன்னுருக்கான் பாருங்க.’ அதில் என் முடி இருக்கும், இரண்டாம் மாடி மாமியின் நரை இருக்கும். பவதாரிணியின் முடி போன தடவை அதில் போனது, எனக்குத் தெரியும், பார்லரில் வெட்டிய பின்னலை வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் செங்கோடனிடம் போட்டு ஒரு இட்லிப் பானை மூடி வாங்கினாள், பக்கத்தில் நான் நின்றேன். அவளுக்கு அவரைத் தெரியும். குனிந்து பார்த்தேன், அவள் இப்போது அலறவில்லை. முடிக் குவியலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், வாய் திறந்திருக்கிறது, அதே மூன்று வார்த்தை அவள் தொண்டையிலும் நிற்கிறது, ஆனால் ஆரம்பித்து வைத்தவளே அவள்தான், இனி எப்படிச் சொல்வாள்? யாழினி ‘பலூன் மாமா, பலூன் மாமா’ என்று அழுகிறாள், குழந்தை மட்டும் சரியாகச் சொல்கிறது. செங்கோடனை மரத்தோடு தண்ணீர் ஹோஸ் பைப்பால் கட்டிவிட்டார்கள். ஒரு கண் மூடிக்கொண்டது. சட்டை முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. அடிக்கிற சத்தம் இப்போது மெதுவாக, இடைவெளி விட்டு வருகிறது, முறை போட்டுக்கொண்டு அடிக்கிறார்கள்.

படம். என்னிடம் படம் இருக்கிறது. தெரு விளம்பரம் பற்றி ஒரு வகுப்புக்கு வேண்டுமென்று, கேட்டுக்கு வெளியே நிற்க வைத்து நான் எடுத்தது, பவதாரிணியின் பின்னலை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, பிடித்த மீனைக் காட்டுகிறவர் மாதிரி, பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறார், பின்னால் மொபெட், சாக்குப் பை, பலூன்கள், ஓரத்தில் என் ஊதா வாளி. பெயரும் முகமும் கொடுத்துவிட்டால் ஆளை அடிப்பது கஷ்டம், முகமில்லாதவனைத்தான் எளிதில் அடிக்கலாம். சிரிக்கிற முகம் இன்னும் நல்லது, பிடித்துப்போகும். சின்ன வாக்கியமாக எழுது. கூடவே அவர்கள் மதிக்கிற ஆளைச் சேர். செய்யவேண்டிய வேலையைச் சொல். விரல் இப்போது வழுக்கவில்லை, இது என் தொழில், எனக்கு இது வரும். ‘இவர் செங்கோடன். நம் வீட்டுப் பெண்களிடம் பல வருஷமாகத் தலைமுடி வாங்குகிறவர். கையில் இருப்பது பவதாரிணி கொடுத்த முடி, நானே பார்த்தேன். சாக்கில் இருப்பது நம் முடி. தண்டபாணி சார், நீங்கள் சொன்னால் கேட்பார்கள், தயவுசெய்து கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள்.’ படத்தையும் சேர்த்து அனுப்பினேன். அனுப்பிவிட்டு சாருக்கே போன் அடித்தேன், மேலேயிருந்து பார்க்கிறேன், அவர் வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுக்கிறார், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்குகிறார். ‘சார், குரூப் பாருங்க சார், படம் போட்டிருக்கேன், ப்ளீஸ் சார், பவதாரிணியையே கேளுங்க.’ என் குரல் எனக்கே அசிங்கமாக இருக்கிறது, அத்தனை மரியாதை. அவர் பார்த்தார். நிமிர்ந்து என் பால்கனியைப் பார்த்தார். ‘ஏம்மா பவதாரிணி, உனக்கு இவனத் தெரியுமா? உம் முடியாமே?’ கூட்டம் அவளைப் பார்க்க, அவள் தலையை ஆட்டினாள். ரொம்ப மெதுவாகத்தான் ஆட்டினாள், ஆனால் ஆட்டினாள். தண்டபாணி சார் கையைத் தூக்கினார். ‘விடுங்கப்பா. மேடம் சொல்றாங்க. ஆளு நம்ம ஆளுதானாம்.’ குச்சிகள் இறங்கின.

வேலை செய்தது. புத்தகத்தில் இருக்கிறபடியே வேலை செய்தது, முகம், பெயர், மதிப்புள்ள ஆள், செய்யவேண்டிய காரியம், எல்லாம் வரிசையாக. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன், கண்ணில் தண்ணீர் வழிகிறது, சிரிப்பும் வருகிறது, வெட்கக்கேடு, கீழே ஒரு மனுஷன் ரத்தமாக நிற்கிறார், எனக்குள்ளே ஒருத்தி திங்கள்கிழமை வகுப்பில் இதை எப்படிச் சொல்லலாம் என்று ஸ்லைடு போடுகிறாள். கம்பி வழியாகப் பார்த்தேன், கட்டை அவிழ்க்கிறார்கள், யாரோ தண்ணீர் பாட்டில் கொடுக்கிறார்கள், ஹெல்மெட்டால் அடித்தவனே மொபெட்டை நிமிர்த்திக் கொடுக்கிறான். ‘ஆஸ்பத்திரி போலாம்யா, வா’ என்கிறார் தண்டபாணி சார். ‘வேண்டாமுங்க சாமி, வூட்டுக்குப் போயிர்றனுங்க, வுட்ருங்க போதும்.’ அவர் குனிந்து முடியைச் சாக்கில் அள்ளுகிறார். அந்த நிலையிலும் அள்ளுகிறார், இலையோடு மண்ணோடு சேர்த்து, வாயிலிருந்து எச்சிலும் ரத்தமும் அதன் மேலேயே விழுகிறது. ஒருத்தரும் குனிந்து உதவவில்லை. நானும் இறங்கவில்லை. இறங்கியிருக்கலாம், மூன்று மாடிதான், ஆனால் அவர் மூஞ்சியை எப்படிப் பார்ப்பது, அப்புறம் எனக்குத் தலை வேறு காயவில்லை. போலீஸ் வண்டி இன்னும் வரவில்லை, மொபெட் உதைத்து உதைத்துக் கிளம்பியது. கேட்டைத் தாண்டி, ஏரிக்கரை ரோட்டில், நெசவாளர் காலனிப் பக்கம், ஒரு கையால் ஓட்டிக்கொண்டு போனார், அவர் வீட்டுக்கு வேறு வழி கிடையாது. குரூப்பில் எனக்கு ஒரு கும்பிடுகிற கை வந்தது, ‘டைமுக்குச் சொன்னீங்க மேடம்’ என்று. அன்னாசிப்பழத்துக்குச் சிரித்தவர்தான். திரும்பத் திரும்ப அதைப் பார்த்தேன்.

சீப்பை எடுத்தேன். கொத்தாக வருகிறது. சுருட்டுகிறேன், துப்ப வாயில் ஈரம் இல்லை. பிரெட் கவர் நிறைந்தே இருக்கிறது, கொடுக்காமல் விட்டேன், இனி அவர் இந்தப் பக்கம் வரமாட்டார், எந்தத் தெருவுக்கும் வரமாட்டார், அந்தக் குரலைப் பதிந்த ஸ்பீக்கர் பாதாம் மரத்தடியில் கிடக்கிறது. எதையோ மறந்துவிட்டேன், காஸை அணைத்தேன், கதவு தாழ் போட்டிருக்கிறது, என்ன அது, வியாழக்கிழமை வகுப்பில் கடைசியாக என்ன நடத்தினேன்? போன் அதிர்ந்தது. தங்கை சுகந்தி, நெசவாளர் காலனியிலிருந்து. முதலில் அந்த வாய்ஸ் நோட். அப்புறம் ஒரு படம். ‘அக்கா பாத்தியா, புள்ள புடிக்கறவனாம், உங்க ஏரியாவுல மாட்டி அடி வாங்கித் தப்பிச்சு எங்க பக்கம் வர்றானாம். கையில பாரு, பொண்ணு முடி, சிரிக்கறான் பாரு பாவி. கதவச் சாத்திக்கோ. இவரும் கட்டைய எடுத்துட்டு ரோட்டுக்குப் போயிருக்காரு.’ படத்தில் செங்கோடன் பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறார், கையில் ஒரு பெண்ணின் பின்னல், பின்னால் சாக்குப் பை. நான் எழுதிய வரிகள் ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் என் ஊதா வாளி இருக்கிறது.

அதுதான். வியாழக்கிழமை நடத்தியது அதுதான், உறங்கும் விளைவு, சொன்னவர் யார் என்பது முதலில் உதிரும், எதற்காகச் சொன்னார் என்பது அடுத்து உதிரும், பார்த்தது மட்டும் தங்கும். நாள் கணக்கில் ஆகும் என்று புத்தகம் சொல்கிறது, இங்கே ஒரு தலை காய்வதற்குள் ஆகிவிட்டது. சுகந்திக்குத் தட்டுகிறேன், ‘அது தப்பு, அந்தப் படம் நான்’ என்று தட்டி, நிறுத்தினேன், விரல்கள் திரையின் மேல் நிற்கின்றன, அடுத்த வார்த்தையைத் தேடுகின்றன, நல்ல வார்த்தையை, சரியான வரிசையை. சனியனே, இன்னுமா? போனை வாஷிங் மெஷின் மேல் வீசினேன். பரிதிக்கு, அவள் புருஷன் இளம்பரிதிக்கு அடிக்கலாமா, அவன் கையில் கட்டை இருக்கிறது, போன் எடுக்கமாட்டான். பிரெட் கவரை ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை, கையில் இருக்கிறது. செருப்பில்லாமல் படியில் இறங்குகிறேன், ஈர முடி முதுகிலும் முகத்திலும் அடிக்கிறது, தண்டபாணி சார் ‘என்ன மேடம்’ என்கிறார், ஸ்கூட்டியைத் தள்ளிக் கிளப்பினேன், பாதாம் மரத்தடியில் ஸ்பீக்கரை மிதித்து ஓட்டினேன். ஏரிக்கரை ரோட்டில் சொட்டுச் சொட்டாக இருக்கிறதா, இல்லை வெற்றிலை எச்சிலா, பார்க்காதே, ஓட்டு. என்ன சொல்லணும், எப்படி ஆரம்பிக்கணும் என்று மனசு தன் பாட்டுக்குப் பழக்க தோஷத்தில் தயாரிக்கிறது, முதலில் உண்மை, சின்ன வாக்கியம், சீ, சும்மா இரு, போய்ச் சேர், போய்ச் சேர்ந்தால் போதும்.

வளைவில் கூட்டம் தெரிகிறது. சத்தம் முன்னால் வந்துவிட்டது, அந்த ஈரத்துணிச் சத்தம், ஆனால் இப்போது தாளமில்லை, எல்லோரும் ஒன்றாக அடிக்கிறார்கள். வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன், முதுகுகள், வேர்வை, ஒருத்தன் இடுப்புக்குக் கீழே நுழைந்தேன், முழங்கை என் பல்லில் பட்டது, உப்புக் கரிக்கிறது. ரோட்டில் முடி கொட்டிக் கிடக்கிறது, அதன் நடுவில் அவர், சுருண்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு. மேலே விழுந்தேன். வேறு வழி தெரியவில்லை, விழுந்தேன், என் வயிற்றுக்குக் கீழே அவருடைய முதுகெலும்பு, என் முடி அவர் முகத்தை மூடுகிறது. தோளில் ஒன்று இறங்கியது, எலும்பு வரை தீப்பிடித்தது, அப்போதுதான் தொண்டை திறந்தது. ‘எம் முடி! இது எம் முடிடா! நான் குடுத்த முடிடா!’ கவரைக் கிழித்து வீசினேன், என் தலையைப் பிடித்து இழுத்துக் கொத்தாக வந்ததைக் காட்டினேன், அதே முடி, பாருங்கள், அதே நிறம், இதை நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை, இது கோட்பாடு இல்லை, இது வெறும் கத்தல். எனக்கு நேர் மேலே ஒரு கட்டை ஓங்கி நிற்கிறது. ஓங்கியவனின் சட்டை எனக்குத் தெரியும், தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை. ‘பரிதி’ என்றேன், ‘பரிதி, நான் மங்கைப்பா.’ அவன் கண் என்னைப் பார்க்கிறது, யாரென்று தெரியாமல், படத்தில் வந்தவனைப் பார்க்கிறமாதிரியே பார்க்கிறது. அப்புறம் உதடு அசைந்தது. ‘அக்கா?’ கட்டை இறங்கவில்லை, கீழேயும் போடவில்லை. பின்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ‘யார்ரா அவ, அவன் கூட்டாளியா, தலைய விரிச்சுப் போட்டுட்டு வந்திருக்கா’ என்கிறார்கள், அவன் தோளுக்கு மேலாக ஒரு கை போனை உயர்த்தி என்னைப் படம் எடுக்கிறது. எடுக்கட்டும். அதன் கீழே என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும், எவ்வளவு சீக்கிரம் போகும் என்றும் தெரியும். நான் நகரவில்லை. எனக்குக் கீழே செங்கோடன் மூச்சு விடுகிறார், என் வயிறு ஏறி இறங்குகிறது.